சறுக்கலும் வீழ்ச்சியும்: கட்டிளமைப் பருவத்தினரின் போதைமீட்சியும் கைத்தொலைபேசித் துணையும்

விட்ட பழக்கத்துக்கு ஒருவர் திரும்பிப் போய்விடுவதைச் சுட்ட எமது பேச்சு வழக்கில் இரண்டு பழமொழிகள் உள்ளன. 'பழைய குருடி கதவைத் திறவடி' என்பது ஒன்று. 'வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில் ஏறிவிட்டது' என்பது மற்றையது. இரண்டிலும் எள்ளல் உண்டு. எள்ளலினும் முக்கியமாக, இரண்டிலும் ஒரு தீர்ப்பு உண்டு. குருடி என்றும் குருடியே, வேதாளம் என்றும் வேதாளமே. இடையில் நிகழ்ந்த முயற்சி வெறுந் தோற்றம் என்பதே அத்தீர்ப்பு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'றிலாப்ஸ்' என்ற சொல்லும் குற்றமற்றதன்று. பின்னோக்கிச் சறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த அச்சொல், கைவிட்ட மதபேதத்துக்கு மீண்டும் திரும்பியவரைச் சுட்டவும் வழங்கியது. 1431இல் ஜோன் ஒவ் ஆர்க் எரிக்கப்பட்டது அவ்வாறு 'மீண்டும் வீழ்ந்தவர்' என்ற தீர்ப்பின் பேரிலேயாகும். மருத்துவத்துறையில் அச்சொல் நிலைபெற்ற பின்னரும் தண்டனையின் வாடை அதனை முற்றாக விட்டு நீங்கவில்லை எனலாம்.

போதையை விட முயலும் பதினைந்து வயதுப் பிள்ளையின் காதில் இத்தகைய சொற்கள் எவ்வாறு விழுகின்றன என்பது இலக்கிய மாணவரின் அக்கறைக்கு அப்பாற்பட்ட விடயமன்று. அத்தகைய பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி வழியே, சொற்களைக் கொண்டே துணைபுரியும் முயற்சியொன்று ஐக்கிய அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு, அதன் பயனும் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. அம்முயற்சி எதனைச் சாதித்தது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பவற்றையே நாம் இங்கு நோக்க முற்படுகிறோம்.

தொலைவிலிருந்து கிட்டும் துணையின் வரலாற்றில் ஒரு தொலைபேசி அழைப்புக்குத் தனியிடம் உண்டு. 1935 மே மாதத்தில், பங்குச்சந்தையில் நொடித்துப்போன வில்லியம் வில்சன் என்பவர், கம்பனியொன்றின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றும் முயற்சியில் ஒகையோ மாநிலத்து அக்றன் நகருக்கு வந்து தோல்வியுற்றார். அவர் குடியை விட்டு ஐந்து மாதமளவே ஆகியிருந்தது. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுச்சாலை, மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். அறிவுரை கேட்பதற்காகவன்று, தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேசுவதற்காக. அவ்வழைப்பின் வழியே அறிமுகமானவர் றொபேட் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். ஸ்மித் குடியை நிறுத்தினார். சில வாரங்களில் அத்லாந்திக் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டுக்குச் சென்று மீண்டும் குடித்தார். திரும்பிவந்து மறுபடியும் நிறுத்தினார். அவர் இறுதியாகக் குடித்த நாளாகிய ஜூன் 10ஐயே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் இயக்கம் தனது பிறந்தநாளாகக் கொள்கிறது. ஆக, அவ்வியக்கத்தின் பிறப்பிலேயே ஒரு சறுக்கல் அடங்கியுள்ளது. (அதே அக்றன் நகரின் றப்பர்த் தொழிலாளர் 1936இல் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெருமந்த காலத்து அந்நகரின் துயரத்துக்கு எழுந்த இவ்விரு மறுமொழிகளையும் ஒருசேர வைத்து நோக்குவோர் அரிது.)

மீள்வீழ்ச்சியைக் குணக்கேடாகக் காணும் நோக்கினைப் பலமாக உலுக்கியது வியட்நாம் யுத்தம். 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரரை ஆராய்ந்த லீ றொபின்ஸ், அவர்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் அங்கே ஹெரோயின் முதலியவற்றுக்கு அடிமையாகியிருந்தனர் எனக் கண்டார். ஆயின், அவ்வாறு அடிமையானோருள் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் 5 சதவீதமளவினரே. அதே மனிதர், அதே உடல், மாறியது சூழல். வீரர்களை வியட்நாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாம். பாடசாலைப் பிள்ளையை எங்கே அனுப்புவது? அவன் விட முயலும் பொருள் அவனது பாடசாலைக் கழிவறையிலும் தோழனின் பையிலும் இருக்கிறது. கட்டிளமைப் பருவத்தினர் மீண்டும் போதையை நாடும் சந்தர்ப்பங்களுள் சகபாடிகளின் தூண்டுதல் முதன்மையானது என சான்ட்ரா பிரவுணும் அவர்தம் சகாக்களும் 1989இல் எடுத்துக்காட்டினர்.

1985இல் அலன் மார்லட், ஜூடித் கோடன் ஆகியோர் வெளியிட்ட நூலே இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. ஒருமுறை சறுக்குதல் வேறு, பழைய நிலைக்கே வீழ்தல் வேறு என அவர்கள் பிரித்தனர். சறுக்கியவர் அதற்குத் தாம் சொல்லிக்கொள்ளும் காரணமே அடுத்து நிகழ்வதைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. 'அன்றைய சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது' என்று கொள்பவர் எழுந்துவிடுகிறார். 'நான் இப்படிப்பட்டவன்தான்' என்று கொள்பவர், எல்லாம் போயிற்று என்று முழுமையாகக் கையை விட்டுவிடுகிறார். இதனை ஏற்பின், மேலே சுட்டிய பழமொழிகள் வீழ்ச்சியை வருணிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதனை விளைவிக்கவும் துணைபோகின்றன என்பது பெறப்படும்.

இனி, எடுத்துக்கொண்ட முயற்சிக்கு வருவோம். 2015இல் சந்தைக்கு வந்த ஜூல் என்னும் இலத்திரனியற் சிகரெட், மாம்பழம், புதினா முதலிய சுவைகளோடும் சமூக ஊடக விளம்பரங்களோடும் பரவியது. 2019இல் அந்நாட்டு உயர்நிலைப் பாடசாலை மாணவருள் 27.5 சதவீதத்தினர் இலத்திரனியற் சிகரெட் பாவித்தனர். நிக்கொட்டின் போதைப்பொருளா என்று ஐயுறுவோர், அதனை விட முயன்ற பிள்ளையின் முதல் வாரத்தைக் கேட்டறிதல் நன்று. அதே 2019இல் 'ட்றூத் இனிஷியேற்றிவ்' என்ற நிறுவனம் இலவசக் குறுஞ்செய்தித் திட்டமொன்றைத் தொடங்கியது. விடும் நாளைக் குறித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து எட்டு வாரம் பின்புவரை செய்திகள் வரும். தவிப்பு, மன அழுத்தம், சறுக்கல் ஆகியவற்றுக்கென வகுத்த ஒற்றைச் சொல்லை அனுப்பின், எந்நேரமாயினும் உடனே மறுமொழி வரும். முன்னர் விட முயன்ற பிள்ளைகள் எழுதியனுப்பிய வாசகங்களும் அவற்றிடையே இடம்பெற்றன. நிக்கொட்டின் தவிப்பு சில நிமிடங்களில் எழுந்து தணிவது. வைத்தியரின் அடுத்த சந்திப்புவரை அது காத்திராது. நள்ளிரவில் அருகிலிருப்பது தொலைபேசி மட்டுமே.

13 முதல் 17 வயதுவரையான 1,503 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனையின் பெறுபேறு 2024இல் வெளியாயிற்று. ஏழாம் மாத முடிவில், முந்திய 30 நாளும் பாவிக்கவில்லை என்று கூறியோர், செய்தி பெற்றோருள் 37.8 சதவீதம், திட்டத்தில் சேராது நிலைமை மட்டும் வினவப்பட்டோருள் 28 சதவீதம். நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் என்ற இவ்வேறுபாடு சிறிதன்று. சமுதாயம் மாறும்வரை இவையெல்லாம் ஒட்டுவேலையே என்று ஒதுக்கும் கொச்சை மார்க்சிய நோக்கு எமக்கு உடன்பாடன்று. அப்பத்துப் பிள்ளைகளையும் காத்திருக்கச் சொல்லும் உரிமை எவருக்குமில்லை. ஆயினும், செய்தி பெற்றும் விடமுடியாதோர் நூற்றுக்கு 62 பேர் என்பதும் அதே அட்டவணையில்தான் உள்ளது.

இவ்விடத்தில் திட்டத்தின் இலக்கணத்தை நோக்குதல் தகும். அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் 1939இல் அச்சேற்றிய பன்னிரு படிகளின் எழுவாய் தன்மைப் பன்மை. குறுஞ்செய்தியோ இயல்பாகவே முன்னிலை ஒருமையில் பேசுவது. ஆங்கிலத்தில் அது புலப்படாது. தமிழில் ஆக்குவோர் 'நீ'யா 'நீங்கள்'ளா என்று தடுமாறும்போதே புலப்படும். 'நீ' வாத்தியாரின் குரலாகிவிடலாம், 'நீங்கள்' கந்தோரின் குரலாகிவிடலாம். பேசுபவரையும் கேட்பவரையும் ஒன்றாய் அணைக்கும் 'நாம்' எமது மொழியில் உண்டு. ஆனால் கூடியிராத இருவரிடையே அது பொய்யாய் ஒலிக்கும். ஏனைய பிள்ளைகளின் வாசகங்களைத் திட்டத்தினர் இடையிடையே சேர்த்தமை, இழந்த அப்பன்மையின் ஒரு துணுக்கையேனும் மீட்கும் முயற்சி என்றே நாம் கொள்கிறோம். ஒருவன் எழுதியதை மற்றவன் படிக்கிறான், இருவரும் சந்திப்பதில்லை.

தனித்து நிற்கும் அந்த 'நீ'யைச் சுற்றியுள்ள பொருளியல் உறவுகள் மேலும் கவனத்துக்குரியவை. 1998இல் 46 மாநிலங்களுக்கும் பெரும் புகையிலைக் கம்பனிகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கைப் பணத்திலிருந்து பிறந்ததே மேற்குறித்த நிறுவனம். அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிலிப் மொறிஸின் தாய்க் கம்பனியாகிய அல்ட்ரியா, 2018 டிசம்பரில் 1,280 கோடி டொலர் கொடுத்து ஜூல் கம்பனியின் 35 சதவீதப் பங்கை வாங்கியது. 2023இல் அப்பங்கைக் கைவிட்டது. நோயின் இலாபமும் மருந்தின் மூலதனமும் ஒரே ஊற்றிலிருந்து பாய்ந்தன. பரிசோதனைக்குப் பிள்ளைகளைத் திரட்டியதும் சமூக ஊடக விளம்பரங்களின் வழியேதான். ஆய்வாளரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பிள்ளைகள் இருந்த இடம் அது. ஆயின் துணைதேடி எழுதும் சொல்லும் பண்டமாகக்கூடும். குடிநோய்க்கு இணையவழிச் சிகிச்சையளித்த மொனியுமென்ற் என்ற கம்பனி, தன்னிடம் வந்தோரின் விபரங்களை விளம்பரத் தளங்களுக்கு வழங்கியதாகக் குற்றஞ்சாட்டி, 2024இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. அவர்கள் வயதுவந்தோர், பிள்ளைகளின் விடயத்தில் எத்துணை விழிப்பு வேண்டும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

உயர்நிலை மாணவரிடையே 27.5 ஆக இருந்த சதவீதம் 2024இல் 7.8 ஆகக் குறைந்தது. இதனைக் குறுஞ்செய்தியின் வெற்றியாகக் கொள்வது பிழை. 2019 டிசம்பரில் புகையிலைப் பொருள் வாங்கும் வயது 21 ஆக உயர்த்தப்பட்டது. 2020இல் சுவையூட்டிய உறைகள் பல தடுக்கப்பட்டன. அதே ஆண்டில் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் ஜூல் கம்பனி 33 மாநிலங்களுக்கு ஏறத்தாழ 44 கோடி டொலர் செலுத்த இணங்கியது. தனிமனிதரின் மனவுறுதியை வேண்டாத இம்மாற்றங்கள், உறுதி வேண்டப்படும் சந்தர்ப்பங்களையே குறைத்தன. எஞ்சியோரின் நிலை வேறு. 2024இல் இலத்திரனியற் சிகரெட் பாவித்த மாணவருள் நூற்றுக்கு 26 பேர் நாள்தோறும் பாவித்தனர். சட்டம் தொடாத, தோழர் பலர் விட்ட பின்னும் விடமுடியாத இப்பிள்ளைகளுக்கே நள்ளிரவுச் செய்தி இனிப் பெரிதும் போய்ச் சேரவேண்டியுள்ளது.