துடுப்பும் தோளும்

படகு என்றதும் அதன் உடலைப் பற்றித்தான் முதலில் பேசுகிறோம். எத்தனை அடி நீளம், எதனால் செய்தது, எத்தனை பேரைத் தாங்கும் என்றெல்லாம் கேட்கிறோம். துடுப்பைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் படகின் எடையை நீர் சுமந்துகொள்கிறது. துடுப்பின் எடையையோ நம் தோள்தான் சுமக்க வேண்டும். கடலில் சிறு படகை வலித்துச் செல்பவர் பத்திரமாகக் கரை திரும்புவது பெரும்பாலும் அந்தத் தோளில் மிச்சமிருக்கும் வலிமையைப் பொறுத்தது.

'கயாக்' எனப்படும் ஒல்லியான சிறு படகுகளை இன்று நம் கரையிலும் காண்கிறோம். சென்னைக்குத் தெற்கே கோவளம், முட்டுக்காடு பக்கத்திலும், இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டின் அலையாத்திக் காட்டு நீர்வழிகளிலும் இளைஞர்கள் அவற்றை வலித்துச் செல்கிறார்கள். அதற்கான துடுப்பையும் மற்றச் சாதனங்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். இதற்குத் தேவையான அறிவியல் முழுவதும் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது!

கயாக்கும் கட்டுமரமும்

கயாக் வடதுருவக் கரைகளில் வாழும் இனூயிட், அலியூட் மக்களின் கண்டுபிடிப்பு. கரையில் ஒதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல் விலங்குகளின் தோலைப் போர்த்தினார்கள். குளிர்ந்த நீர் உள்ளே வராதபடி மேற்பக்கத்தையும் மூடினார்கள்.

நம் முன்னோர் நேர்மாறான வழியைக் கண்டார்கள். வெதுவெதுப்பான கடலில் நனைவதால் கேடில்லை. ஆகவே, தண்ணீரை வெளியே நிறுத்த முயலாமல், இலேசான மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். மேலே விழும் அலை இடுக்குகள் வழியே இறங்கிவிடும். நிரம்புவதற்குக் குழியில்லை, ஆகவே மூழ்குவதும் இல்லை. ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதே.

இன்று கயாக்கிலும் இந்த இரு வகைகள் உண்டு. ஒன்று, உள்ளே கால் நீட்டி அமரும் மூடிய படகு. மற்றொன்று, மேலே அமரும் படகு. இதன் அடித்தளத்தில் உள்ள துளைகள் வழியே நீர் தானாக வடிந்துவிடும். இரண்டாவது வகை குணத்தில் கட்டுமரமேதான். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். நம் கடலில் புதிதாகப் பழகுபவருக்கு இதுவே ஏற்றது.

பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகளைச் செய்யும் முறையும் நமக்கு அந்நியமானதன்று. வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அச்சுக்குள் பாலிதீன் தூளைப் போட்டு, சூடேற்றிக்கொண்டே எல்லாப் பக்கமும் சுழற்றினால், தூள் உருகி உட்சுவரில் படிந்து தொட்டியாகிறது. கயாக்கும் அப்படித்தான் பிறக்கிறது.

துடுப்பு செய்யும் வேலை

உப்பங்கழியில் ஓடம் தள்ளுபவர் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுகிறார். தரை நகராது, எனவே அவர் தரும் விசை முழுவதும் ஓடத்தை முன்னே செலுத்துகிறது. ஆழ்கடலில் ஊன்றுவதற்குத் தரையில்லை. நீரையே தரையாக்கிக்கொள்ள வேண்டும். நீரோ விலகிப் போகும் இயல்புடையது. நாம் நீரைப் பின்னே தள்ள, அது நம்மை முன்னே தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி.

கயாக் துடுப்புக்கு இரு முனையிலும் அகன்ற பகுதி உண்டு. அதை 'இலை' என்றும், நடுவில் பிடிக்கும் கோலைக் 'காம்பு' என்றும் சொல்லிக்கொள்வோம். இலை பெரிதானால் ஒரே வலிப்பில் நிறைய நீரைப் பற்றிக்கொள்ளும். வீணாக நழுவும் நீர் குறையும். அப்படியானால் மிகப் பெரிய இலைதான் நல்லதா?

இல்லை. மிதிவண்டியில் கடினமான பல்சக்கரத்தைப் போட்டு மேட்டில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி வெகுதூரம் போகும். ஆனால் கால் விரைவில் ஓய்ந்துவிடும். பெரிய இலையும் அத்தகையதே. தசைகள் மெதுவான பெரும்பளுவை விட, சிறு பளுவை விரைவாகத் திரும்பத் திரும்பச் செய்வதையே நெடுநேரம் தாங்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. படகின் வேகம் கூடக்கூட நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். தேவையான திறனோ மும்மடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 4 கி.மீ. வேகத்தை 5 கி.மீ. ஆக்க வேண்டுமானால், கால் பங்கு வேகம் கூட்ட ஏறத்தாழ இருமடங்கு உழைப்பு வேண்டும். எனவே, பெரிய இலையால் கிடைக்கும் வேகம் சிறிது, களைப்போ பெரிது. நீண்ட பயணத்துக்கு 600 முதல் 700 சதுர செ.மீ. வரை பரப்புள்ள இலை பெரும்பாலோருக்குப் போதும். உடல் சிறுத்தவர்கள் இன்னும் சிறியதை எடுக்கலாம்.

கிரீன்லாந்து மக்களின் துடுப்பில் இலை 8, 9 செ.மீ. அகலமே இருக்கும், ஆனால் நீளமாக இருக்கும். குமரிக் கரையில் கட்டுமரக்காரர்கள் மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, அந்தப் பாதியையே துடுப்பாகக் கொண்டு வலமும் இடமுமாக வலித்தார்கள். ஒன்று பனிக்கடல், மற்றொன்று வெப்பக்கடல். நாள் முழுதும் வலித்துப் பிழைத்த இரு சாராரும் ஒடுங்கிய துடுப்பையே கைக்கொண்டார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

எடை எங்கே இருக்கிறது?

சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முறை வலிக்கிறோம் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 3,600. நான்கு மணி நேரத்துக்கு 14,400 வலிப்புகள்! அலுமினியக் காம்பும் பிளாஸ்டிக் இலையும் கொண்ட மலிவான துடுப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கண்ணாடியிழைத் துடுப்பு ஒரு கிலோவுக்கும் குறைவு. கரியிழைத் துடுப்பு 700 கிராம் அளவிலேயே கிடைக்கிறது. 400 கிராம் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். அதை 14,400-ஆல் பெருக்கினால் 5,760 கிலோ ஆகிறது.

மொத்த எடையைக் காட்டிலும், அந்த எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு மீட்டர் நீள மூங்கிலில் அரைக் கிலோ மணல் பைகள் இரண்டை, கைகள் பிடிக்கும் இடத்துக்கு அருகே கட்டுங்கள். துடுப்பு வலிப்பதுபோல் மாறி மாறி 60 முறை அசையுங்கள். பிறகு அதே பைகளை இரு நுனிகளிலும் கட்டி அசையுங்கள். எடை மாறவில்லை, ஆனால் தோள் உடனே முறையிடும். சுழற்சியை எதிர்க்கும் நிலைமம் தொலைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது. நடுவிலிருந்து 35 செ.மீ. தொலைவில் இருந்த எடையை 100 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுபோனால் அது 8 மடங்காகிறது.

சேரப்பணஞ்சேரி, ஒரகடம் வட்டாரத்து வாகனத் தொழிற்சாலைகளில் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு இது புதிதன்று. வண்டிச் சக்கரத்தின் விளிம்பில் எடையைக் குறைக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதற்கும் விடை இதுவே. ஆகவே, கையில் இருக்கும் பணம் குறைவானால் இலேசான காம்பைவிட இலேசான இலைக்கு முதலிடம் கொடுங்கள்.

நீளமும் வடிவமும்

கடல் கயாக் துடுப்புகள் பெரும்பாலும் 210 முதல் 230 செ.மீ. நீளம் கொண்டவை. ஆளின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. படகின் அகலமும் இருக்கையின் உயரமும் முக்கியம். 55, 60 செ.மீ. அகலமுள்ள ஒல்லியான படகுக்கு 210 முதல் 220 செ.மீ. போதும். 75 செ.மீ. அகலமுள்ள மேலமரும் படகுக்கு 230 செ.மீ. அல்லது சற்றுக் கூடுதலாக வேண்டும். படகில் அமர்ந்து வலிக்கும்போது இலை முழுவதும் அமிழ்ந்து, காம்பு நனையாமல் இருந்தால் நீளம் சரி. நீளம் மிகுந்தால் இலை படகைவிட்டு விலகிய இடத்தில் விழும். படகு முன்னே போவதற்குப் பதில் பக்கவாட்டில் திரும்பும்.

இலையின் நடுவே ஒரு மெல்லிய முதுகெலும்பு ஓடுவதைக் காணலாம். நீர் இரு பக்கமும் சமமாகப் பிரிந்து போக அது உதவுகிறது. இல்லாவிட்டால் இலை நீருக்குள் படபடக்கும். சில துடுப்புகளில் ஓர் இலையை மற்றதற்குக் கோணமாகத் திருப்பி வைக்கலாம். எதிர்க்காற்றில், மேலே இருக்கும் இலை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் மணிக்கட்டு வலித்தால் கோணத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

வலிக்கும் முறை

துடுப்பைத் தலைமேல் வைத்து, முழங்கைகள் செங்கோணமாக மடியும் இடத்தில் பிடியுங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும். இலையைப் பாதத்துக்கு அருகே நீரில் இறக்கி, இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் நீரை மேலே தூக்குகிறோமே தவிரப் பின்னே தள்ளுவதில்லை. கைகளை மட்டும் மடக்கி இழுக்காமல், வலிக்கும் பக்கத்துக் காலை ஊன்றி, உடலைத் திருப்பி வலிக்க வேண்டும். முதுகின் பெருந்தசைகள் கைத்தசைகளைவிட எளிதில் சோர்வதில்லை.

உயிர் காக்கும் சட்டை

மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே. தலையை நீருக்கு மேல் வைத்திருக்கச் சிறிதளவு கூடுதல் மிதப்பே தேவை. 50 நியூட்டன் மிதப்புள்ள சட்டை சுமார் 5 கிலோ அளவுக்கு நம்மைத் தூக்குகிறது. நீந்தத் தெரிந்தவர் துடுப்பு வலிக்க இது போதும். நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டனாவது வேண்டும். முற்காலத்தில் இச்சட்டைகளை இலவம் பஞ்சால் நிரப்பினார்கள். இன்று காற்றறைகள் அடைபட்ட நுரைப்பொருளை வைக்கிறார்கள். சட்டையின் பட்டைகளை இறுக்கியபின், மற்றொருவரைத் தோள்பக்கம் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது முகவாயைத் தாண்டி ஏறினால் அளவு சரியில்லை. படகில் கிடக்கும் சட்டை யாரையும் காப்பாற்றாது. அணிந்திருக்க வேண்டும்.

சட்டையில் ஊதல் ஒன்றும், நீர் புகாத உறையில் கைப்பேசியும் இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. தமிழ்நாடு கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. குடிநீரும் தலைக்குத் துணியும் மறக்கக் கூடாது.

காற்றுக்கு மரியாதை

இரவில் நிலம் கடலைவிட விரைவில் குளிர்வதால் விடியற்காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கரையை நோக்கி வீசும். பாய் விரித்த மீனவர்கள் நிலக்காற்றில் போய்க் கடற்காற்றில் திரும்பினார்கள். கிழக்குக் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று சேர்ந்துகொண்டால் முற்பகலிலும் கடலை நோக்கியே காற்று பலமாக வீசும்.

இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கரையிலிருந்து வீசும் காற்றில் கரையோர நீர் அமைதியாகத் தெரியும். போகும்போது படகு பறக்கும். ஒரு மணி நேரத்தில் 5 கி.மீ. போனவர், திரும்பும்போது எதிர்க்காற்றில் மணிக்கு 2 கி.மீ.தான் நகர முடிந்தால், கரை சேர இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவும் களைத்த தோளோடு! எனவே பயணத்தின் முதல் பாதியில் காற்றை எதிர்த்தே செல்லுங்கள். வலிமை இருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடும். கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். ஆளில்லாத படகைக் காற்று நாம் நீந்தும் வேகத்தைவிட விரைவாக அடித்துச் செல்லும்.

காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயல்கள் எழுப்பிய பேரலை கரைக்கு வரலாம். இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று மருத்துவ மாணவர் ஐவரை இத்தகைய அலை கொண்டுபோயிற்று. ஐதராபாத்திலுள்ள 'இன்காய்ஸ்' நிறுவனம் கடல் நிலையைக் கணித்து எச்சரிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு வீடு திரும்புங்கள். கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.