எதிர்க்கட்சி வரிசையில் ஒரு குரல்

ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தவர்களின் வரலாறுகளை நாம் நிறையப் படிக்கிறோம். பாடநூல்களிலும் அவர்களுக்கே இடம் மிகுதி. ஒரு நாளேனும் அமைச்சராக இருந்திராத, சட்டமன்றத்தில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் எதிர்க்கட்சி வரிசையிலேயே அமர்ந்திருந்த ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் லெனார்டு பிரெய்த்வெய்ட். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்தவர். நம் மாணவியர் அவரை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிரெய்த்வெய்ட் 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் டொரான்டோ நகரில் பிறந்தார். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சென்று குடியேறிய கறுப்பினத்தவர். பல நாட்டு ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த கென்சிங்டன் சந்தைப் பகுதியில், 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் சேர விரும்பி, ஆள்சேர்ப்பு நிலையத்துக்குப் போனார். நிறத்தைக் காரணமாகக் கொண்டு திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனார்; மறுபடியும் திருப்பினார்கள். இப்படிப் பலமுறை நடந்தபின், அங்கே புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அவரைச் சேர்த்துக்கொண்டார். கடல் கடந்து பணியாற்றித் திரும்பியவர், டொரான்டோ பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டமும், 1952-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் வணிக மேலாண்மைப் பட்டமும் பெற்றார். அத்துடன் நில்லாமல் சட்டமும் பயின்று 1958-இல் வழக்கறிஞரானார்.

அவர் தொழில் நடத்திய எட்டோபிகோ, அந்நாளில் டொரான்டோவுக்கு மேற்கே தனக்கெனத் தனி நிர்வாகம் கொண்ட ஊராக இருந்தது. (ஆங்கிலத்தில் அப்பெயரின் இறுதியில் ஒரு 'கே' எழுதுவார்கள், ஆனால் யாரும் அதை ஒலிப்பதில்லை.) அந்நாட்டில் ஊர்ப் பள்ளிகளை மேற்பார்க்கும் கல்விக் குழுவின் உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரெய்த்வெய்ட் முதலில் நின்றது அந்தச் சிறிய தேர்தலில்தான். 1960-இல் எட்டோபிகோ கல்விக் குழுவில் இடம்பெற்றார்; 1962-இல் ஊரின் மன்ற உறுப்பினரானார்; 1963 செப்டம்பரில் லிபரல் கட்சியின் சார்பில் மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்றார். கனடாவில் மாகாணச் சட்டமன்றம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவரே. எட்டோபிகோவிலோ கறுப்பின வாக்காளர் மிகச் சிலர். பெரும்பாலும் வெள்ளையர் அளித்த வாக்குகளாலேயே அவர் வென்றார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

கனடாவில் கல்வி மாகாணங்களின் பொறுப்பு. 1867-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் அவ்வாறு பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆகையால் பள்ளிச் சட்டம் ஒன்றை மாற்ற வேண்டுமானால், தலைநகராகிய ஒட்டாவாவில் பேசிப் பயனில்லை. ஒன்டாரியோவைப் பொறுத்தவரை, டொரான்டோவில் குவீன்ஸ் பார்க் என்னுமிடத்தில் கூடும் மாகாணச் சட்டமன்றத்தில்தான் பேச வேண்டும். அந்த மன்றத்தின் பள்ளிச் சட்டத்திலே மிகப் பழைய பிரிவு ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

அதன் கதை 1850-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட பொதுப் பள்ளிச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் வாழும் பன்னிரண்டு குடும்பத் தலைவர்கள் எழுதிக் கேட்டால், புராட்டஸ்டன்டினர்க்கோ, கத்தோலிக்கர்க்கோ, கறுப்பினத்தவர்க்கோ தனிப் பள்ளி அமைக்க அனுமதி தர வேண்டும். மூன்று வகுப்பாரையும் சட்டம் ஒரே வரியில் வைத்தது. கத்தோலிக்கர்க்கு இது தாங்களே கேட்டுப் பெற்ற உரிமை. தம் பிள்ளைகள் தம் சமயச் சூழலில் வளர வேண்டும் என்று விரும்பியவர்கள் தனிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். விரும்பாதவர்கள் பொதுப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

கறுப்பினத்தவர்க்கு அதே வரி வேறு விதமாக வந்து முடிந்தது. அமெரிக்காவின் அடிமைத்தளையிலிருந்து தப்பி எல்லை கடந்து வந்த குடும்பங்கள் பல, ஒன்டாரியோவின் தென்மேற்கில் எசெக்ஸ், கென்ட் ஆகிய மாவட்டங்களில் குடியேறியிருந்தன. பிரிட்டிஷ் பேரரசில் 1834-இலேயே அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்ததால் அங்கே அவர்கள் சுதந்திர மக்கள். ஆனால் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பொதுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றால், 'உங்களுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறதே, அங்கே போங்கள்' என்ற பதில்தான் பல இடங்களில் கிடைத்தது. டென்னிஸ் ஹில் என்ற கறுப்பின விவசாயி, தம் மகனை அருகிலிருந்த பள்ளியில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1854-இல் தீர்ப்பு வந்தது: கறுப்பினத்தவர்க்குத் தனிப் பள்ளி அமைந்துள்ள இடத்தில், அவர்கள் பிள்ளைகள் அதில்தான் படிக்க வேண்டும். நாமாக விரும்பித் தனியே போவதும், போ என்று சொல்லித் துரத்தப்படுவதும் ஒன்றாகுமா? சட்டத்தின் எழுத்தில் மட்டும் அவை இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

காலப்போக்கில் அத்தகைய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சட்டப் பிரிவு மட்டும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படியே இருந்தது. எசெக்ஸ் மாவட்டத்துக் கோல்செஸ்டரில் அவ்வகைப் பள்ளி ஒன்று 1960-களிலும் நடந்துகொண்டிருந்தது. அவ்வட்டாரக் கறுப்பினத்தவர் அதனை எதிர்த்து முறையிட்டு வந்தனர்.

1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் பிரெய்த்வெய்ட் சட்டமன்றத்தில் தம் முதல் உரையை நிகழ்த்தினார். புதிய உறுப்பினர்கள் முதல் உரையில் வழக்கமாகத் தொகுதியைப் புகழ்வார்கள், வாக்காளர்களுக்கு நன்றி கூறுவார்கள், அமர்ந்துவிடுவார்கள். அவர் அந்தப் பழைய பிரிவை அவைமுன் எடுத்துவைத்து, இக்காலத்துக்கு ஒவ்வாத இதனைச் சட்டத்திலிருந்து நீக்குங்கள் என்று கேட்டார். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் வில்லியம் டேவிஸ். கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர்தானே என்று அவர் தள்ளிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அடுத்த மாதமே அப்பிரிவை நீக்குவதாக அறிவித்தார். அவ்வாண்டிலேயே அது நீங்கியது. இதில் டேவிசுக்கும் பங்கு தருவதே நியாயம். (பிற்காலத்தில் மாகாண முதல்வரான இவர்தாம், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளின் எல்லா வகுப்புகளுக்கும் அரசு நிதி வழங்கப்படும் என்று 1984-இல் அறிவித்தவர்.) கோல்செஸ்டர்ப் பள்ளி 1965-இல் மூடப்பட்டது. ஒன்டாரியோவில் இனவாரியாக நடந்த கடைசிப் பள்ளி அதுவே.

யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத பிரிவு நீங்கியதில் என்ன பெருமை என்று கேட்பவர்களும் இருக்கலாம். கோல்செஸ்டர்ப் பிள்ளைகளின் தாய் தந்தையர் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இனி, முதலில் குறிப்பிட்ட தனிக் காரணத்துக்கு வருவோம். ஒன்டாரியோ சட்டமன்றத்தில் 'பேஜ்' எனப்படும் சிறார் பணிபுரிகிறார்கள். ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துச் சில வாரங்கள் அங்கே தங்கிப் பணியாற்றச் செய்வார்கள். சீருடை அணிந்து அவையின் முன்புறம் காத்திருப்பதும், உறுப்பினர் கைகாட்டினால் ஓடிச்சென்று கடிதங்களையும் தாள்களையும் கொண்டு சேர்ப்பதும், குடிநீர் கொடுப்பதும் அவர்கள் வேலை. வேலை சிறிதுதான். ஆனால் ஒரு மாகாணத்தின் சட்டங்கள் எப்படி உருவாகின்றன என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கும்? அந்த வாய்ப்பு நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது. தண்ணீர்க் குவளையை ஏந்திச் செல்லப் பெண்பிள்ளைகளுக்குக் கைகள் இல்லையா என்ன!

1966-இல் பிரெய்த்வெய்ட் இதைச் சட்டமன்றத்தில் எழுப்பினார். மாணவியரையும் 'பேஜ்' பணிக்குச் சேர்க்க வேண்டும் என்று பேசினார். இம்முறை பள்ளிச் சட்டத்தைப் போல அடுத்த மாதமே எதுவும் நடந்துவிடவில்லை. ஓர் இனப் பிரிவினையை நீக்க ஒரே மாதத்தில் இசைந்த மன்றத்துக்கு, பெண்பிள்ளைகளை உள்ளே விட ஐந்து ஆண்டுகள் ஆயின. 1971-இல்தான் முதல் மாணவியர் அச்சீருடையை அணிந்து அவைக்குள் வந்தார்கள். இன்று மாணவரும் மாணவியரும் சேர்ந்தே அங்குப் பணிபுரிகிறார்கள்.

1975-ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரெய்த்வெய்ட் தோல்வியடைந்தார். வழக்கறிஞர் தொழில் இருந்தது, அதற்குத் திரும்பினார். மாகாண மன்றத்தில் இருந்துவிட்டு ஊர்ப் பதவிக்குப் போவதா என்று அவர் எண்ணவில்லை போலும். 1980-களில் எட்டோபிகோவின் நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிட்டு வென்று பணியாற்றினார். அந்த எட்டோபிகோவும் 1998-இல் டொரான்டோவுடன் இணைக்கப்பட்டுத் தனி நகரம் என்ற நிலையை இழந்தது. 1997-இல் கனடா அரசு அவருக்கு 'ஆர்டர் ஆஃப் கனடா' விருது வழங்கியது. 1999-இல், தம் எழுபத்தைந்தாம் வயதில், மாகாணத்து வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் சட்டக் கழகத்தின் ஆட்சிக் குழுவுக்கு வழக்கறிஞர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரும் அவரே. 2012-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.