கோலார் தங்கவயலும் ஒரு சமனிலியும்

கர்நாடகத்தில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டு மின்சாரம் வந்து சேர்ந்தது. இடைத்தூரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அது. ஒரு கம்பியின் வழியே அதிகபட்சம் எவ்வளவு திறனை அனுப்ப இயலும் என்ற கேள்விக்கு, பள்ளி இயற்கணிதமே விடை கூறும்.

அனுப்பும் மின்னழுத்தம் 'அ', கம்பியின் தடை 'த', மின்னோட்டம் 'ம' என்க. வழியில் இழக்கப்படும் அழுத்தம் ம×த. சுரங்கத்தைச் சேரும் அழுத்தம் அ − ம×த. இவ்விரு பகுதிகளின் கூட்டுத்தொகை மாறாது. அது 'அ' ஆகும். கூட்டுத்தொகை மாறாத இரு எண்களின் பெருக்கம், அவை சமமாக இருக்கும்போதே மிகப் பெரிதாகும். அவற்றின் வேறுபாட்டின் வர்க்கம் எதிர்மறை ஆகாது என்பதே இதற்குக் காரணம். ஆகவே அப்பெருக்கம் அ²/4-ஐத் தாண்டாது. அதனைத் தடையால் வகுத்தால் கிடைப்பது சுரங்கம் பெறும் திறன். அதன் உச்சவரம்பு அ²/4த.

எடுத்துக்காட்டாக, 30,000 வோல்ட் அழுத்தமும் 30 ஓம் தடையும் கொண்ட எளியதொரு சுற்றைக் கருதுவோம். (உண்மைத் தடம் மும்முனை மாறுமின்னோட்டத்தது, அதன் கணக்கு இதனினும் சிக்கலானது.) இங்கு உச்சவரம்பு 7,500 கிலோவாட். அழுத்தம் 3,000 வோல்ட்டாக இருப்பின் வரம்பு 75 கிலோவாட்டாகச் சுருங்கிவிடும். அருவியில் எத்துணை நீர் விழுந்தாலும் இந்த வரம்பு உயராது. உயரழுத்தத்தின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

ஆயினும் உச்சம் என்பது உகந்தது என்று பொருள்படாது. 7,500 கிலோவாட்டைப் பெற 15,000 கிலோவாட் அனுப்பவேண்டும்; பாதி கம்பியைச் சூடாக்குவதிலேயே கழியும். எந்தப் பொறியாளரும் இதற்கு உடன்படார். இழப்பு பத்தில் ஒரு பங்கை மீறலாகாது என்ற நிபந்தனையைச் சேர்த்தால், மின்னோட்டம் 100 ஆம்பியருக்கு மேற்படக் கூடாது. சுரங்கம் பெறுவது 2,700 கிலோவாட். கட்டுப்படுத்துவது இப்போது பழைய உச்சவரம்பு அன்று, புதிய நிபந்தனையே.

ஆற்றுநீரும் ஒரு நிபந்தனைதான். கோடையில் காவிரி வற்றினால் மின் உற்பத்தி குறையும். சுரங்கத்தின் தேவையோ குறையாது. 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் ஒன்று, சிவசமுத்திரத்திற்கு ஆண்டு முழுவதும் சீரான நீர் கிடைக்கச் செய்வதாகும். அத்தேவைக்கு மூலமாயிருந்த சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.