விளையும் மரம் முளையிலே தெரியுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்ற பழமொழியை நாம் வகுப்பறையில் பலமுறை சொல்லியிருப்போம். நெல்லுக்கும் சோளத்துக்கும் அது ஓரளவு பொருந்தும். பல பத்தாண்டுகள் நின்று வளர வேண்டிய தேக்குக்கும் வேங்கைக்கும் பொருந்துமா? ஒரு கன்றைப் பார்த்தே, நாளை இது நேராகவும் உறுதியாகவும் வளரும் என்று சொல்லிவிட முடியுமா?

திருப்பூர் மாவட்டத்தில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது. 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கத்தின் வழியாக இங்கே பல லட்சம் கன்றுகள் நடப்பட்டுள்ளன. பள்ளிகளுக்கும் ஆண்டுதோறும் கன்றுகள் வருகின்றன. நடுகிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம். கோடை முடிந்ததும் சில கன்றுகள் தழைத்து நிற்கின்றன, சில காய்ந்து கிடக்கின்றன. "ஒரே நாள்லதானே சார் நட்டோம், இது மட்டும் ஏன் பட்டுப்போச்சு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தண்ணீர் போதவில்லை என்பது பாதி விடைதான். மீதி விடை, அந்தக் கன்று எந்தத் தாய்மரத்திலிருந்து வந்தது, நாற்றங்காலில் எப்படி வளர்ந்தது என்பதில் இருக்கிறது.

சாம்பிளும் சோதனையும்

எங்கள் மாணவர்களில் பலரின் பெற்றோர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். ஆகவே இந்தப் பாடத்தைத் துணியிலிருந்து தொடங்குவது எனக்கு எளிது. துணியின் எடையைப் பார்க்க, வட்ட வெட்டுக்கருவியால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடை போடுகிறார்கள். அதை 100ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அதாவது ஜிஎஸ்எம், கிடைத்துவிடும். சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா என்பதையும் பார்த்து, சாம்பிள் ஏற்கப்பட்ட பிறகே முழு ஆர்டரும் தைக்கப்படும்.

மரத்தோட்டமும் அப்படியே. ஆயிரக்கணக்கான கன்றுகளை நடுவதற்கு முன் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. துணியில் குறை இருந்தால் சில நாள்களில் தெரிந்துவிடும். மரத்தில் குறை இருப்பது பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஒரு விவசாயியின் நிலமும் உழைப்பும் போயிருக்கும்.

முதல் சோதனை: தாய்மரம்

தேக்கு ஒரே இனம்தான். ஆனால் ஆனைமலைத் தேக்கும் மத்திய இந்தியத் தேக்கும் ஒரே மாதிரி வளர்வதில்லை. எந்த இடத்து விதை எந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று அறிய, பல இடங்களின் விதைகளை ஒரே நிலத்தில் வளர்த்து ஒப்பிடுவார்கள். இது விதைமூலச் சோதனை. 1970களில் தேக்குக்கு இத்தகைய சோதனைகள் பல வெப்பமண்டல நாடுகளில் ஒரே திட்டமாக நடத்தப்பட்டன.

அடுத்தது சந்ததிச் சோதனை. காட்டிலோ தோட்டத்திலோ நேரான தண்டும் குறைந்த கிளைகளும் கொண்ட, நோயற்ற மரங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு தாய்மரத்தின் விதையையும் தனித்தனியே முளைக்க வைத்து, பிள்ளைகளை ஒப்பிடுவார்கள். தாய் உயரமாக நிற்பது அதன் மரபணுவாலா, வேரடியில் நல்ல மண்ணும் நீரும் கிடைத்ததாலா என்பதைப் பிள்ளைகள்தாம் காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நிலத்தின் ஒரு மூலை பள்ளமாகவும் ஈரமாகவும் இருக்கலாம். ஒரு தாயின் கன்றுகள் அத்தனையையும் அங்கே நட்டால் அவையே வென்றதுபோல் தோன்றும். எனவே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் எல்லாத் தாய்களின் கன்றுகளையும் சீட்டுக் குலுக்கி நடுவார்கள். ஓரத்துக் கன்றுகளுக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், சுற்றிலும் கணக்கில் சேராத காவல் வரிசை ஒன்றும் இருக்கும். திரும்பச் செய்தல், குலுக்கல் முறை, சமநிலை ஆகிய மூன்றும் எந்த நேர்மையான சோதனைக்கும் அடிப்படை.

கோயம்புத்தூரில் 1988 முதல் இயங்கும் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக்கல்லூரியும் இத்தகைய ஆய்வுகளைச் செய்துவருகின்றன. இரண்டுமே நம் மாவட்டத்துக்கு அருகில்தான் இருக்கின்றன.

இரண்டாம் சோதனை: விதை

நிலம்பூரில் 1840களில் கலெக்டர் கனோலியின் முயற்சியால் தேக்குத் தோட்டம் தொடங்கப்பட்டபோது, முதல் தடையே விதை முளைக்காததுதான். பல முறைகள் தோற்ற பிறகு, சாத்து மேனன் பொறுப்பில் கன்றுகள் உருவாயின. தேக்கின் விதை கெட்டியான ஓட்டுக்குள் இருக்கிறது. நீரில் ஊறவைப்பதும் வெயிலில் காயவைப்பதுமாகப் பல நாள்கள் மாற்றி மாற்றிச் செய்த பின்னரே விதைப்பார்கள். அப்போதும் எல்லாம் முளைப்பதில்லை.

காங்கேயம் பகுதியின் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் வெள்வேல மரங்கள் தழைத்திருப்பதற்கும் விதை உறைதான் காரணம். கால்நடைகள் காயைத் தின்கின்றன. வயிற்றில் உறை இளகிய விதை, சாணத்தோடு வெளிவந்து முளைக்கிறது. நாற்றங்காலில் அதே வேலையை வெந்நீர் செய்கிறது. வேம்பின் கதை நேர்மாறானது. சில வாரங்கள் வைத்திருந்தாலே அதன் முளைப்புத்திறன் வேகமாகக் குறைந்துவிடும்.

மூன்றாம் சோதனை: கன்று

உயரமான கன்றே நல்ல கன்று என்று நாம் நினைப்பதுண்டு. அளந்து பார்த்தால் அது சரியில்லை. உயரத்தைச் சென்டிமீட்டரிலும், மண்மட்டத்தில் தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. உயரமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள கன்றுக்கு விடை 12. 45 செ.மீ. உயரமும் 8 மி.மீ. தடிமனும் உள்ளதற்கு 5.6. பொதுவாக 6க்குக் கீழே இருப்பது நல்லது. முதல் கன்று நிழலில் நெருக்கியடித்து வளர்ந்த ஒல்லிக்குச்சி, காற்றுக்கும் வெயிலுக்கும் தாங்காது. இரண்டாவது குட்டை, ஆனால் தாக்குப்பிடிக்கும்.

வேரையும் பார்க்க வேண்டும். நெகிழிப் பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர் அடியில் சுருண்டுவிடும். நட்ட பின்னும் அந்தச் சுருள் தானாக நேராவதில்லை. மரம் பெருத்ததும் அதுவே கழுத்தை நெரிக்கும், காற்றில் சாயவும் வைக்கும். அதனால்தான் உட்புறம் செங்குத்து வரிகளும் அடியில் திறப்பும் உள்ள வேர்ப் பயிற்சிக் குப்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். வரிகள் வேரைக் கீழ்நோக்கி நடத்துகின்றன. திறப்பில் காற்றுப் பட்டதும் நுனி காய்ந்து, பக்க வேர்கள் பெருகுகின்றன.

ஆய்வகத்தில் சில கன்றுகளைப் பிடுங்கிக் காயவைத்து, தண்டையும் வேரையும் தனித்தனியே எடை போடுவார்கள். 1960இல் டிக்சன் குழுவினர் இவற்றை ஒரே எண்ணாகத் தொகுத்தனர். மொத்த உலர் எடையை, உயர-தடிமன் விகிதம், தண்டு-வேர் விகிதம் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். தண்டு 6 கிராம், வேர் 3 கிராம், உயர-தடிமன் விகிதம் 6 என்றால், 9 ÷ (6 + 2) = 1.125. ஒரே இனத்தில் ஒரே வயதுள்ள கன்றுகளை ஒப்பிடும்போது, எண் கூடுதலாக உள்ளதே தரமானது.

நம் ஊர் கேட்கும் கேள்விகள்

திருப்பூருக்குத் தென்மேற்குப் பருவமழை குறைவு, வடகிழக்குப் பருவமழையே முதன்மை. ஜூனில் நடும் கன்று நீர் ஊற்ற ஆளிருந்தால்தான் பிழைக்கும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நட்டால் மழையே துணையாகும்.

நீரின் உப்பும் ஒரு கேள்வி. சாயக்கழிவால் நொய்யல் கெட்டதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் நாம் அறிந்தவை. மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் நீரை எளிதில் இழுக்க முடியாது. இலை விளிம்பு கருகும். புங்கனும் பூவரசும் ஓரளவு உப்பைத் தாங்கும். தேக்கு தாங்காது, அதற்கு நல்ல வடிகாலும் தேவை. மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மண்ணையும் நீரையும் சோதிப்பதே முறை.

பள்ளியில் செய்து பார்க்க

ஜூன், ஜூலையில் வேப்பம்பழம் உதிரும். பள்ளியைச் சுற்றி நான்கு தாய்மரங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 100 விதை. சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, ஒரு வாரத்துக்குள் 25 வீதம் நான்கு தட்டுகளில் விதையுங்கள். மொத்தம் 16 தட்டுகள். எந்தத் தட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நீர்.

தினமும் முளைத்தவற்றை எண்ணுவதைத் தொடக்க வகுப்பு மாணவர்களே செய்யலாம். சதவீதமும் சராசரியும் நடுநிலை வகுப்புகளுக்கு. கன்றுகளை ஆளுக்கொரு பைக்கு மாற்றி, மூன்று மாதம் கழித்து 9ஆம் வகுப்பு மாணவர்கள் வெர்னியர் அளவியால் தடிமனை அளக்கட்டும். பாடநூலில் படித்த கருவிக்கு அப்போது உண்மையான வேலை கிடைக்கும். தாய்மரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு, ஒரே தாயின் நான்கு தட்டுகளுக்குள் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதா? இந்த ஒரு கேள்வியை விவாதித்தாலே ஆய்வு முறையின் உயிர்நாடி புரிந்துவிடும்.

இனி பழமொழிக்கு வருவோம். முளை ஓரளவு சொல்லும், முழுவதும் சொல்லாது. தொடக்கத்தில் முந்திய கன்று பின்னர் பிந்துவதும், மெதுவாகக் கிளம்பியது முந்திச் செல்வதும் சோதனைத் திடல்களில் வழக்கம். அதனால் ஆய்வாளர்கள் முதல் ஆண்டிலேயே தீர்ப்பு எழுதுவதில்லை. இடையிடையே அளந்து பதிந்துகொண்டே இருக்கிறார்கள். பள்ளியில் நட்ட கன்றுகளுக்கும் எண்ணிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அளந்து ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கலாம். நாம் பணிமாறுதலில் சென்றாலும் அடுத்து வரும் ஆசிரியர் அதைத் தொடர முடியும்.