கரண்ட் இல்லாத இடத்தில் வெல்டிங்: எஞ்சின் வெல்டரா, ஜெனரேட்டரா? எது வாங்கலாம்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பறந்துபோன தகர ஷெட்டையும் சாய்ந்த கேட்டையும் சரிசெய்ய வெல்டர்களைத் தேடாதவர்கள் இல்லை. ஆனால் பட்டறையில் மெஷின் இருந்தும் பிளக்கைச் சொருக இடம் இல்லை.

புயல்தான் வரணும்னு இல்லை. தோட்டத்து வேலி, புது லேஅவுட் கேட், வயலில் நின்றுபோன அறுவடை மெஷின் என எல்லாமே கரண்ட் இல்லாத இடத்து வேலைகள்தான். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. எஞ்சினும் வெல்டிங்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் எஞ்சின் வெல்டர் ஒன்று. தனி ஜெனரேட்டரில் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை மாட்டுவது இன்னொன்று.

கடன் வாங்கி மெஷின் எடுப்பவர்கள் தப்பு செய்யும் இடம் எது தெரியுமா? ஜெனரேட்டர் சைஸ்தான்.

3 கேவிஏ போதுமா?

கணக்கைப் பார்த்துடலாம். கேட், கிரில் வேலையில் அதிகம் ஓடுவது 3.15 எம்எம் ராடு. அதற்குச் சுமார் 120 ஆம்பியர் வேண்டும். ஆர்க்கில் 25 வோல்ட் என்று வைத்தால் 3,000 வாட். மெஷினுக்குள் வீணாவதையும், சாதாரண இன்வெர்ட்டர் மெஷின்களின் குறைந்த பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் ஜெனரேட்டரிலிருந்து சுமார் 5 கேவிஏ இழுக்கும். ஜெனரேட்டரை முழு லோடில் வைத்து ஓட்டக்கூடாது என்பதால், 6 முதல் 7.5 கேவிஏ வாங்குவதே சரி. 2.5 எம்எம் ராடு மட்டும்தான் என்றால் 4 முதல் 5 கேவிஏ தாங்கும்.

3 கேவிஏ வாங்கினால் ராடு ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் திணறும், வோல்டேஜ் ஏறி இறங்கும். கடைசியில் அடிவாங்குவது இன்வெர்ட்டர் மெஷினின் போர்டுதான்.

இன்னொரு பொறியும் இருக்கு. பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது 'மேக்ஸ்' அளவு. தொடர்ந்து தரும் அளவு அதைவிடக் குறைவு, அதைக் கேட்டு வாங்குங்கள். த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், 7.5 கேவிஏ-வில் ஒரு ஃபேஸுக்கு 2.5 கேவிஏ-தான் கிடைக்கும். சிங்கிள் ஃபேஸ் வெல்டிங் மெஷினுக்கு அது பத்தாது.

அப்போ எஞ்சின் வெல்டர் யாருக்கு?

நாள் முழுக்க வெளியில் வெல்டிங் மட்டுமே செய்பவர்களுக்கு. பைப்லைன், குவாரி, ஜேசிபி பக்கெட் போன்ற வேலைகளில் 4 எம்எம் ராடு இடைவிடாமல் ஓடும். எஞ்சின் வெல்டரில் ஆல்டர்னேட்டரே வெல்டிங்குக்காகச் செய்யப்பட்டது. அதனால் ஆர்க் நிதானமாக நிற்கும். பெரும்பாலான மாடல்களில் கிரைண்டர் மாட்ட ஒரு பிளக்கும் உண்டு.

குறை எடையில்தான். சின்ன பெட்ரோல் மாடலைத் தூக்கவே இரண்டு மூன்று பேர் வேண்டும், பெரிய டீசல் மாடல் என்றால் குட்டியானையில்தான் போகும். பட்டறையில் கரண்ட் இருக்கும் நாளிலும் எரிபொருள் எரித்தால்தான் வேலை. எஞ்சின் மக்கர் செய்தால் மொத்தமும் நின்றது.

தனித்தனியாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. கரண்ட் இருக்கும் இடத்தில் ஜெனரேட்டரை இறக்கவே வேண்டாம். பத்து கிலோவுக்குள் இருக்கும் இன்வெர்ட்டரைத் தோளில் மாட்டி சாரத்தில் ஏறிவிடலாம். ஜெனரேட்டர் கெட்டால் வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வெளிவேலை என்றால் எங்கள் ஓட்டு இதற்கே. மாதத்துக்கு ஒருமுறை என்றால் ஜெனரேட்டர் வாங்கவே வேண்டாம், வாடகையே லாபம்.

ஒரே நேரத்தில் கட்டிங் மெஷினையும் ஓட்டலாமா?

வேண்டாம். 14 இன்ச் கட்டிங் மெஷின் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். முதலில் வெட்டி முடியுங்கள், பிறகு வெல்டிங். பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மெஷினைச் சின்ன ஜெனரேட்டரில் மாட்டும் யோசனையே வேண்டாம்.

இரண்டில் எதை எடுத்தாலும், மழை வருகிறதென்று ஷெட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. ஈரத் தரையில் நின்று ராடு மாற்றுவதும் அதே அளவு ஆபத்து. காய்ந்த கிளவுஸ் போட்டு, காய்ந்த பலகை மேல் நின்றுகொள்ளுங்கள்.