பள்ளி திறக்கும் நாளில் வாசலில் யார் நிற்பது?



இந்த மாதச் சுவர் இதழுக்குத் தலைப்பு பிரிச்சப்போ மழைநீர் சேகரிப்பு, புகையிலை ஒழிப்பு எல்லாத்தையும் மத்தவங்க எடுத்துட்டாங்க. எனக்கு மிஞ்சினது "புதிய கல்வியாண்டு வரவேற்பு". முதல்ல இது என்ன தலைப்புன்னு நினைச்சேன். எழுத உக்காந்த பிறகுதான் எழுத நிறைய இருக்குன்னு தெரிஞ்சுது.

2025 ஜூன் 2, திங்கட்கிழமை நம்ம பள்ளி திறந்தது. அன்னைக்கு வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டினது நம்ம ஒன்பதாம் வகுப்புதான். ஒன்றாம் வகுப்புக்கு வந்த குட்டிப் பசங்களுக்கு ரோஜாப்பூவும் கல்கண்டும் கொடுத்தோம். தாம்பாளத்துல நெல்லைப் பரப்பி, பிள்ளை விரலைப் பிடிச்சு 'அ' எழுத வெச்சாங்க. ஒரு தம்பி எழுத மாட்டேன்னு நெல்லை அள்ளி வீசிட்டான், எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க அப்பாவுக்கு மட்டும் முகம் சுருங்கிப்போச்சு.

இதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு. ஏற்கெனவே படிச்சுட்டு, நடுவுல ஊரை விட்டுப் போய், மறுபடி வர்ற பிள்ளைகளுக்கு என்ன வரவேற்பு? அதைப் பற்றித்தான் எழுதப் போறேன். ஏன்னா நானும் அப்படி வந்தவதான்.

நம்ம பக்கம் ஜூன் மாதம் எப்படிப்பட்ட மாதம்னு முதல்ல சொல்லணும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறக்கிறதுதான் வழக்கம். அந்தத் தண்ணி கல்லணைக்கு வந்து, வெண்ணாத்துல பிரிஞ்சு, நீடாமங்கலம் மூணாத்துத் தலைப்புக்கு வந்து, அங்கேருந்து பாமணி ஆறு வழியா நம்ம மன்னார்குடி பக்கம் வரும். தண்ணி வருதுன்னாலே குறுவைக்கு நாத்து, உழவு, வரப்பு வெட்டுன்னு ஊரே வயல்ல இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிறதும் அதே ஜூன்தான். அதனால "பெற்றோர் ஒன்பதரைக்குப் பள்ளிக்கு வரவும்"னு சீட்டு அனுப்பினா யாரு வருவாங்க? எங்க அம்மா ஆறு மணிக்கே நாத்து பறிக்கப் போயிடுவாங்க. வராதவங்களுக்கு அக்கறை இல்லைன்னு சிலர் பேசுறாங்க. அது சரியில்லை. அக்கறை இருக்கு, அன்னைக்குக் கூலியும் வேணும்.

தண்ணி வராத வருஷம் இன்னும் மோசம். 2024-ல் ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறக்கலை, ஜூலை 28-ல்தான் திறந்தாங்க. வேலை இல்லைன்னா குடும்பத்தோட திருப்பூருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மன்னார்குடியில செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினா நேரா திருப்பூர்ல இறங்கலாம். இப்போ நடவு மெஷினும் வந்துட்டதால, தண்ணி வந்தாக்கூட நடவு ஆளுங்க எல்லாருக்கும் வேலை இருக்கும்னு சொல்ல முடியாது.

நாங்க போனது கஜா புயலுக்கு அப்புறம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில அடிச்சுது. நான் அப்போ ரெண்டாம் வகுப்பு. எங்க வீட்டுக் கூரை போச்சு, கொல்லையில நின்ன பதினோரு தென்னையில ஒன்பது போச்சு. அப்பாயி வெச்ச மரங்க. நம்ம பள்ளிக்கூடம்தான் முகாம். நான் அ ஆ படிச்ச அறையிலேயே படுத்துத் தூங்கினேன். பொங்கல் கழிச்சு அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் திருப்பூருக்குப் போயிட்டோம். அப்பாயி மட்டும் மிச்சமிருந்த ரெண்டு தென்னையோட இங்கேயே இருந்துட்டாங்க.

அங்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்பா கூட்டிட்டுப் போனாங்க. "டி.சி. எங்கே?"ன்னு கேட்டாங்க. கிளம்பின அவசரத்துல டி.சி. வாங்கணும்னு எங்களுக்குத் தோணலை. "கொண்டுவந்துட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்காக ஊருக்கு வந்து போனா ரெண்டு நாள் கூலி போகும், அதனால அப்பா வரலை. ஜூன் வரைக்கும் தம்பியைப் பாத்துக்கிட்டு நான் ரூம்லயே இருந்தேன். 2019 ஜூன்ல ஒரு வழியா மூணாவது சேர்ந்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லாப் பள்ளியும் மூடிட்டாங்க. இ-பாஸ் வாங்கி, வேன் பிடிச்சு ஊருக்குத் திரும்பினோம். மறுபடியும் டி.சி. இல்லை!

கல்வி டிவியில பாடம் போட்டாங்க. எங்க வீட்டு டிவி புயல்லயே போயிடுச்சு. நாலாம் வகுப்புன்னு ஒண்ணு நான் படிக்கவே இல்லை.

2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகளைத் திறந்தாங்க. அன்னைக்கு அப்பாயி என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆனா உள்ள வரலை. எதிர்ல இருக்கிற டீக்கடை ஓரமா நின்னோம். வாசல்ல பலூன் கட்டி, பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பாயிக்கு உள்ள போகப் பயம். "காயிதம் கேப்பாங்கடி, இல்லைன்னா திட்டுவாங்க"ன்னு சொன்னாங்க. பிரேயர் மணி அடிச்சாச்சு. நாங்க வீட்டுக்குத் திரும்புறப்போ, அப்போ இருந்த எச்.எம். டீச்சர் ரோட்டைத் தாண்டி வந்தாங்க. அப்பாயியைப் பாத்து, "என்னம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் இங்கேயே நிக்கிறீங்க? பேத்தியா? என்ன வயசு?"ன்னு கேட்டாங்க. பத்துன்னு சொன்னோம். "அப்போ அஞ்சாம் வகுப்பு, வா"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. காயிதம் பத்தி அன்னைக்கு ஒரு வார்த்தை கேக்கலை.

அவங்க நல்லவங்க, அதனாலதான் சேர்த்தாங்கன்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். நல்லவங்கதான். ஆனா போன வருஷம் சமூக அறிவியல் சார்கிட்ட கேட்டப்போதான் தெரிஞ்சுது, அது சட்டம்!

2009-ல் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயசு முதல் 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தும். அதுல 5-ஆவது பிரிவுல, டி.சி. வர லேட்டாகுதுன்னு சொல்லி ஒரு பிள்ளையைச் சேர்க்காம இருக்கக் கூடாது, சேர்க்கிறதைத் தள்ளியும் போடக் கூடாதுன்னு இருக்கு. பழைய பள்ளியில கேட்டா உடனே டி.சி. கொடுக்கணும்னும் அதே பிரிவுல இருக்கு. 4-ஆவது பிரிவு, படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதோட வயசுக்கு ஏத்த வகுப்புல உக்கார வைக்கணும், விட்டுப்போனதுக்குத் தனியாப் பயிற்சியும் கொடுக்கணும்னு சொல்லுது. டீச்சர் என் வயசைக் கேட்டது அதுக்குத்தான். 14-ஆவது பிரிவுல, பிறப்புச் சான்றிதழ் இல்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாதுன்னு இருக்கு. பள்ளி திறந்து நாளாயிடுச்சுன்னு சொல்லியும் திருப்பி அனுப்பக் கூடாது.

2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு தீர்ப்புல டி.சி.யைக் கட்டாயம்னு கேக்கக் கூடாது, டி.சி.யில கட்டண பாக்கின்னு எழுதவும் கூடாதுன்னு சொல்லியிருக்கு. தனியார் பள்ளியில பீஸ் கட்ட முடியாம நின்னுபோன பிள்ளைகளோட அப்பா அம்மா இதைப் படிச்சா நல்லா இருக்கும். நம்ம சுவர் இதழைப் படிக்க அவங்க வர மாட்டாங்க. நீங்கதான் போய்ச் சொல்லணும்.

சட்டம் இருந்தாலும் வேற ஒரு சிக்கல் உண்டு, அது கம்ப்யூட்டர்ல இருக்கு. நம்ம ஒவ்வொருத்தருக்கும் 'எமிஸ்' நம்பர் இருக்கு இல்லையா? ஒரு பிள்ளை பள்ளி மாறுச்சுன்னா பழைய பள்ளி அந்தப் பேரை விடுவிக்கணும். விடுவிச்சா அது பொதுத் தொகுப்புக்குப் போகும். டீச்சருங்க அதைத்தான் 'காமன் பூல்'னு சொல்றாங்க. புதுப் பள்ளி அங்கேருந்து பேரை எடுத்துக்கும். பழைய பள்ளி விடலைன்னா, பிள்ளை இங்க பெஞ்சுல உக்காந்திருக்கும், பேரு திருப்பூர்லயே இருக்கும். என் பேரு இப்படித்தான் கொஞ்ச நாள் அங்கேயே மாட்டிக்கிட்டு இருந்தது. அதனால ஊர் மாறுறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாலே பாதி வேலை முடிஞ்சுடும்.

அஞ்சாம் வகுப்புல எனக்கு வகுத்தல் தெரியாது. ஈவு, மீதின்னு சொன்னா முழிப்பேன். சாயங்காலம் எங்க தெருவுல 'இல்லம் தேடிக் கல்வி' நடந்தது. தமிழ்நாடு அரசு 2021-ல் கொரோனாவுல விட்டுப்போன படிப்புக்காகத் தொடங்கினது அது. எங்க தெரு அக்கா ஒருத்தங்கதான் தன்னார்வலர். புளியங்கொட்டையைக் கூறு கூறாப் பிரிச்சு வகுத்தல் சொல்லிக் கொடுத்தாங்க. அதனாலதான் இப்போ கணக்குல எண்பதுக்கு மேல வாங்குறேன். (பெருமைக்காகச் சொல்லலை!)

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க நம்ம மாநிலத்துல பெரியவங்க எத்தனையோ செஞ்சிருக்காங்க. பெருந்தலைவர் காமராசர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் பிறந்த ஜூலை 15-ஐத்தான் கல்வி வளர்ச்சி நாளாக் கொண்டாடுறோம். அப்பாயி படிச்சது மூணாவது வரைக்கும்தான். பள்ளியில போட்ட மக்காச்சோள உப்புமாவை இன்னமும் சொல்லுவாங்க. "படிப்பு மறந்துபோச்சு, உப்புமா மறக்கலை"ம்பாங்க. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்புறம் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் வந்தது. 2023 ஆகஸ்ட் 25-ல் அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினப்போ, தொடக்க விழா நடந்தது நம்ம பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில. கலைஞர் சின்ன வயசுல படிச்ச பள்ளி அது. விடியக்காலை வயலுக்குப் போற அம்மாக்களுக்குத்தான் அந்தச் சாப்பாட்டோட அருமை தெரியும். என் தம்பி அதைச் சாப்பிட்டுத்தான் அஞ்சாவது முடிச்சான்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொண்ணு இருக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத இடம்னு 2020-ல் சட்டம் வந்தது. அப்படிப் படிச்ச பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போனா மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கினது. ரெண்டுலயும் ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு. ஆறாவதை மட்டும் வேற பள்ளியில படிக்க வெச்சுட்டு ஏழாவதுக்கு இங்க வந்து சேர்க்கிறவங்க இதை யோசிக்கணும்.

ஏப்ரல்ல மாணவர் சேர்க்கைப் பேரணி போனோமே, ஞாபகம் இருக்கா? அட்டையைத் தூக்கிக்கிட்டுக் கோஷம் போட்டோம். எங்க தெருவுல நாலு வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டின வீட்டு முன்னாடி கோஷம் போட்டு என்ன பிரயோசனம்? அந்த நாலு வீட்டுக்காரங்க போன் நம்பர் பக்கத்து வீட்டுல இருக்கும். அதை எழுதிக்கிட்டு வந்திருக்கலாம். இது என்னோட யோசனை. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேர் பெற்றோராவும், பாதிப் பேர் பெண்களாவும் இருக்கணும்னு அதே கல்விச் சட்டத்துல இருக்கு. நம்ம குழுவுல இருக்கிற அம்மாக்களுக்கு யாரு யாரு எந்த ஊருக்குப் போயிருக்காங்கன்னு நல்லாத் தெரியும். கூட்டத்தைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வெச்சா நாத்து பறிக்கிறவங்களும் வருவாங்க.

கடைசியா ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எட்டாம் வகுப்பு வரைக்கும் என் பக்கத்துல உக்காந்த பிள்ளை இந்த ஜூன்ல வரலை. பேரு போடலை, நம்ம வகுப்புக்குத் தெரியும். லீவுல குடும்பத்தோட திருப்பூருக்குப் போனாங்க. அங்க பனியன் கம்பெனியில பிசிறு வெட்டப் போறாளாம். அவளுக்கும் எனக்கும் வயசு பதினாலு. கல்வி உரிமைச் சட்டம் பதினாலோட நிக்குது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துலயும் எந்த வேலைக்கும் வைக்கவே கூடாதுன்னு சொல்றது பதினாலு வயசுக்குக் கீழ உள்ளவங்களைத்தான். அதுக்கு மேல ஆபத்தான வேலைக்குத்தான் தடை. படிக்கக் கூப்பிட்டுக்கிட்டு இருந்த சட்டமும், வேலைக்குப் போகாதேன்னு தடுத்த சட்டமும் ஒரே பிறந்தநாள்ல எங்களை விட்டுடுது. சார்கிட்ட இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எழுது"ன்னு சொன்னார்.

நம்ம பள்ளி முன்னாடி எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. ஒன்பது, பத்து வந்த பிறகும் ஊர்ல இன்னும் யூனியன் பள்ளிக்கூடம்னுதான் சொல்றாங்க. அதனால அவளுக்குப் புதுசா டி.சி. எதுவும் வேண்டாம். பேரு இன்னும் நம்ம பதிவேட்டுலயே இருக்கு. தினமும் கூப்பிடுறாங்க, பதில் வரலை.

முந்தாநாள் அவங்க சித்தி போன்ல பேசினேன். குறுவை வேலைக்காக அவங்க அப்பா வர்றாராம், அவளையும் கூட்டிட்டு வர்றாராம். வர்ற திங்கட்கிழமை காலையில செம்மொழியில இறங்குவாங்க. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவ வந்தா "மூணு வாரமா எங்க போனே?"ன்னு முதல்ல கேக்காதீங்க. அவ டீக்கடை ஓரமா நிப்பா, எனக்குத் தெரியும். பிரேயர் மணிக்கு முன்னாடி நானும் நம்ம வகுப்பு லீடரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி வேணும்.

— 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி