குருவி கற்கும் பாடம் சிம்பன்சிக்கு ஏன் வருவதில்லை?

ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச் ஏறக்குறைய 12 கிராம் எடையுள்ள குருவி. அதன் மூளை அரை கிராம் அளவே. சிம்பன்சியின் மூளையோ 400 கிராம் வரை இருக்கும். ஆனாலும் கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லக் கற்பதில் குருவிதான் கெட்டி.

ஆண் குஞ்சு பெரும்பாலும் தந்தையின் பாட்டைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்கிறது. முதலில் வருவது வெறும் குழறல். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தித் திருத்தி, சுமார் 90 நாளில் பாட்டு நிலைபெறுகிறது. பெண் குஞ்சு பாடுவதில்லை.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹேய்ஸ் தம்பதியர் விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைப் பிள்ளைபோல் வளர்த்தனர். உதட்டைக் கையால் பிடித்து அசைத்துப் பழக்கியும், அதற்கு வந்தவை 'மாமா', 'கப்' முதலிய நாலு சொற்களே; அவையும் தெளிவில்லாமல். அறிவுக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பின்னர் வாஷோ என்ற சிம்பன்சி நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றது.

நரம்பிணைப்பே காரணம் என்பது வலுவான விளக்கம். குருவியின் முன்மூளையிலிருந்து, குரலுறுப்பான சிரிங்க்ஸை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேர்வழி உண்டு. மனிதரின் குரல்வளைக்கும் அப்படியொரு வழி இருக்கிறது. சிம்பன்சியிடம் அது மிகச் சொற்பம். அதன் கூச்சல்களில் பெரும்பாலானவை பிறவியிலேயே அமைந்தவை.

மரபணுவிலும் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. ஃபாக்ஸ்பி2 என்ற மரபணு பழுதானால் மனிதருக்குப் பேச்சு தடுமாறும். ஃபிஞ்ச் குஞ்சின் மூளையில், பாட்டுக் கற்றலுக்குரிய பகுதியில் அதே மரபணுவின் செயலை மட்டுப்படுத்தியபோது, குஞ்சு தந்தையின் பாட்டை அரைகுறையாகவே பாடியது.